மவுண்ட் வெர்னானா, மான்டிசெல்லோவா, மான்ட்பெலியரா?

அமெரிக்காவின் முதல் ஐந்து அதிபர்களில் நால்வர் வர்ஜீனியா மாநிலத்தவர்கள். ஜார்ஜ் வாஷிங்டன், தாமஸ் ஜெபர்சன், ஜேம்ஸ் மேடிசன், ஜேம்ஸ் மன்றோ ஆகிய அந்த நால்வரின் பண்ணைகளும் இன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. தலைநகர் வாஷிங்டனில் தங்கியிருப்பவர் காரில் புறப்பட்டால் எதையும் சாதாரணமாக மூன்று மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். ஒதுக்குவதற்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எந்த வீட்டுக்குப் போவது என்பதே கேள்வி. நால்வரும் பெரும் பண்ணையார்கள், நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதால் ஒன்றைப் பார்த்தால் மற்றவற்றையும் பார்த்ததுபோல்தான் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று.

கார் இல்லாதவர்களுக்குத் தேர்வு எளிது. வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான், நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே பொட்டோமேக் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஹண்டிங்டன் மெட்ரோ நிலையம் வரை ரயிலில் சென்று அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். ஆண்டின் 365 நாளும் திறந்திருக்கும் என்பதால், கிறிஸ்துமஸ் விடுமுறையில் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோருக்கு அநேகமாக இது ஒன்றே கைகொடுக்கும். ஜெபர்சனின் மான்டிசெல்லோவுக்கும் மேடிசனின் மான்ட்பெலியருக்கும் போக, நடைமுறையில் கார் வேண்டும். மான்டிசெல்லோவுக்கு அருகிலுள்ள ஷார்லட்ஸ்வில் நகரம் வரை ரயில் உண்டு என்றாலும் அங்கிருந்து மலையேற வாடகை வண்டியைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

மவுண்ட் வெர்னான் வீட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் அதைக் கற்கட்டடம் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது மரவீடு. பைன் பலகைகளைக் கல் அடுக்குபோலச் செதுக்கி, ஈர வண்ணப்பூச்சின் மேல் மணலை வீசி ஒட்டவைத்து, கல்லின் தோற்றத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இருமுறை விரித்துக் கட்டப்பட்டதால் முகப்பின் சன்னல்கள் சமச்சீராகவும் இல்லை. உள்ளே நடுக்கூடத்துச் சுவரில் பிரெஞ்சுப் புரட்சியில் தகர்க்கப்பட்ட பாரிஸின் பாஸ்டில் சிறைச்சாலைச் சாவி தொங்குகிறது. அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனோடு சேர்ந்து போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் 1790-இல் வாஷிங்டனுக்கு அனுப்பிய பரிசு அது. ஆனால் கூட்டம் மிகுந்த நாட்களில் வீட்டுக்குள் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், எந்த அறையிலும் நிலைத்து நிற்க இயலாது. இந்த இடத்தின் செல்வம் வெளியில்தான் இருக்கிறது: ஆற்றைப் பார்த்த நெடிய தாழ்வாரம், சமையற்கூடம், சலவைக்கூடம், அடிமைகளின் குடியிருப்பு, கல்லறை, பதினாறு பக்கங்கள் கொண்ட களஞ்சியம் என நடந்து பார்க்க அரை நாள் போதாது. சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

மான்டிசெல்லோவில் நிலைமை தலைகீழ். அங்கே வீடேதான் செய்தி. 1769-இல் கட்டத் தொடங்கி, பின்னர் பாதியை இடித்து மாற்றி, 1809 வரை ஜெபர்சன் அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். நுழைவுக் கூடத்தில் அவர் வடிவமைத்த பெரிய கடிகாரம் இன்னும் ஓடுகிறது. பீரங்கிக் குண்டுகளை எடையாகக் கொண்டு இயங்கும் அதன் கயிறுகள் சுவரோரமாக இறங்கும்போது கிழமைகளைக் காட்டும். வாரத்துக்குச் சுவரின் உயரம் போதாமல் போனதால் தரையில் துளையிட்டு, சனிக்கிழமையை நிலவறைக்குத் தள்ளிவிட்டார். உட்புற முகப்பில் மணி, நிமிடம், நொடி மூன்றுக்கும் முட்கள் உண்டு; வெளிப்புற முகப்பிலோ மணி முள் மட்டுமே, ஏனெனில் வெளியே உழைப்பவர்களுக்கு அதுவே போதும் என்று கருதப்பட்டது. அந்த வீட்டின் சமூக அமைப்பை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் பொருள் வேறொன்று இருக்க முடியாது.

அந்த அமைப்பைக் கண்ணில் படாமல் மறைப்பதிலும் ஜெபர்சன் தேர்ந்தவர். மவுண்ட் வெர்னானில் வேலைக்கூடங்கள் வீட்டின் இருபுறமும் வெளிப்படையாக நிற்க, மான்டிசெல்லோவில் சமையற்கூடம் உள்ளிட்டவை மேடைகளுக்கு அடியில் செருகப்பட்டு, நிலத்தடி வழியால் வீட்டோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. மது, உணவறைக் கணப்பின் பக்கவாட்டில் பதித்த சிறு தூக்கிகளில் மேலே வரும்; உணவுத் தட்டுகள் சுழலும் கதவொன்றின் மறுபக்கத்தில் வைக்கப்படும்; பரிமாறுபவர் விருந்தினர் கண்ணில் பட வேண்டிய தேவையே குறைவு. அண்மைக் காலத்தில் இந்த நினைவிடம் அந்த மறைப்பை விலக்கப் பாடுபட்டிருக்கிறது. ஜெபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுக்கென 2018 முதல் தனிக் காட்சிக்கூடம் இருக்கிறது.

மூன்று வீடுகளையும் ஒப்பிட நான் பரிந்துரைக்கும் அளவுகோல், அடிமைகள் குறித்து உரிமையாளர்கள் செய்த கடைசி ஏற்பாடுகள்தான். வாஷிங்டன் தமக்குச் சொந்தமான 123 பேரை மனைவியின் மறைவுக்குப் பின் விடுவிக்குமாறு உயில் எழுதினார். மார்த்தா காத்திராமல் 1801 சனவரி முதல் நாளே விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவர் சொத்தின் பங்காக வந்த 153 பேருக்கு அந்த விடுதலை கிட்டவில்லை. ஜெபர்சன் உயிலில் விடுவித்தது ஐவரை மட்டுமே. ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட கடனோடு அவர் 1826-இல் இறந்ததால், அடுத்த சனவரியிலேயே சுமார் 130 பேரை ஏலம் விட ஏற்பாடாயிற்று. அமெரிக்க அரசமைப்பின் தந்தை எனப்படும் மேடிசன் தம் உயிலில் ஒருவரையும் விடுவிக்கவில்லை.

மான்ட்பெலியர் இதை மூடிமறைக்காமல் சொல்லும் இடம் என்பதுதான் அதன் பெருமை. பிற்கால உரிமையாளர்களான டியூபாண்ட் குடும்பத்தார் விரித்துக் கட்டிய பகுதிகளை அகற்றி, 55 அறைகளை 22 ஆகக் குறைத்து, 2008-இல் மேடிசன் காலத்து வீடு மீட்கப்பட்டது. மூல மரச்சாமான்கள் பெரும்பாலும் விற்றுப் போய்விட்டதால், அறைகளின் அலங்காரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நிலவறைக் காட்சிக்கூடத்துக்காகவே போக வேண்டும்: அடிமைகளின் வழித்தோன்றல்களும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கூடத்தில், செங்கல் அறுத்த குழந்தைகளின் விரல் தடங்கள் பதிந்த கற்களைக் காணலாம். மேலே, அரசமைப்பை வரைந்த 1787 மாநாட்டுக்கு முன் மேடிசன் பழைய கூட்டாட்சிகளைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்த நூலக அறை இருக்கிறது. வழித்தோன்றல்களுக்கு நிர்வாகக் குழுவில் சமபங்கு கொடுப்பது பற்றி 2022-இல் இங்கே பெரும் பூசல் எழுந்து, இறுதியில் அவர்கள் தரப்பு வென்றது.

மன்றோவின் ஹைலண்ட், மான்டிசெல்லோவிலிருந்து நான்கு கிலோமீட்டர்தான். அவர் வாழ்ந்த வீடு என்று நெடுங்காலம் காட்டப்பட்ட கட்டடம் உண்மையில் 1818-இல் கட்டிய விருந்தினர் இல்லம் என்றும், மூல வீட்டின் அடித்தளம் முற்றத்து மண்ணுக்குள் கிடக்கிறது என்றும் 2016-இல் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் கதைக்காக ஒரு மணி நேரம் கொடுக்கலாம்; தனிப் பயணத்துக்கு உரியதன்று.

என் தேர்வு மான்டிசெல்லோ. மவுண்ட் வெர்னான் வசதியில் முந்துகிறது, மான்ட்பெலியர் நேர்மையில் முந்துகிறது. ஆயினும் ஒரு மனிதரின் அறிவும் முரண்பாடும் ஒரே கூரையின் கீழ் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அங்கேதான். முதியவர்கள் கவனிக்க வேண்டியது: மேல்தளத்துக்கான படிக்கட்டுகள் இரண்டடி அகலமே கொண்ட செங்குத்தானவை, அங்கே செல்லத் தனி நுழைவுச் சீட்டு வேண்டும். கீழ்த்தளச் சுற்றே போதுமானது. காலையின் முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்துவிட்டால், 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மான்ட்பெலியரையும் அன்று பிற்பகலில் பார்த்துவிடலாம். ஆனால் அது திறந்திருக்கும் நாட்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால் புறப்படுமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.