யூரியாவா, மட்கு எருவா? பெகு பக்கத்துக் காய்கறித் தோட்டத்துக்கு எது?

பர்மாவில் பெகு, தட்டோன் பக்கம் அறுப்பு முடிந்து வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் போக வேண்டிய எரு அது. ஆனாலும் கடையில் யூரியா மூட்டையைப் பார்த்ததும் பலருக்குக் குழப்பம்.

செலவு: யூரியாவுக்குக் கையில் காசு வேண்டும். எருவுக்கு வைக்கோல், சாணி, தோட்டக் கழிவு போதும், உழைப்புதான் அதிகம்.

வேகம்: யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், சில நாளில் இலை கரும்பச்சையாகும். எருவில் 1, 2 சதவீதம்தான். மட்கவே 3 மாதமாவது ஆகும்.

மழை: இங்கேதான் கவனிக்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை கொட்டுகிற மழையில் யூரியா கரைந்து ஓடிவிடும். எரு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். மழையில் நீர் வடியும், வெயிலில் ஈரம் நிற்கும். மட்க வைத்த எருக் குவியலுக்கு மட்டும் தார்ப்பாய் போடுங்கள். வைக்கோல் தனியாகச் சீக்கிரம் மட்காது, சாணி கலந்தால்தான் சூடேறும். உள்ளே கை வைக்க முடியாத அந்தச் சூட்டில் களை விதையும் சாகும். அப்புறம் ஆறி, மண் வாசனை வந்தால் தயார்.

கீரைக்கு அவசரமென்றால் கொஞ்சம் யூரியா சரி. மாதக்கணக்கில் காய்க்கிற கத்தரி, மிளகாய்க்கு எருவையே அடியுரமாகப் போடுங்கள். இலை வெளுத்தால் மட்டும் யூரியாவைத் தொடுங்கள்.