அலூஷியன் பனிக்கடலில் ஓடிய அபுகுமா: ஒரு மாதிரிக் கப்பல் கிட்டின் மதிப்புரை

ஜப்பானியக் கடற்படையின் அபுகுமா என்னும் க்ரூஸர் வகைப் போர்க்கப்பலை 1/700 அளவில் ஒட்டிச் சேர்ப்பதற்கான பிளாஸ்டிக் கிட் இது. ஜப்பானிலிருந்து வரவழைத்த பெட்டி, தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பக்கத்தில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் மிகச் சிலரே என்பதால், கடற்கரை ஊர்களில் இருந்துகொண்டு இதை வாங்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அலமாரியில் நிறுத்தும் அழகுப் பொருளாக மட்டும் நினைத்து வாங்கினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வடபசிபிக்கின் கடுங்குளிரில் நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கப்பலில் எங்கே நின்றார்கள், எதை உண்டார்கள், எப்படி உறங்கினார்கள் என்று எண்ணிக்கொண்டே ஒட்டினால்தான் ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் விளங்கும்.

நம் கரைக்கு இக்கப்பல் முற்றிலும் அந்நியமானது அன்று. 1925இல் கடற்படையில் சேர்ந்த அபுகுமா, 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற விமானந்தாங்கிக் கப்பல்களுக்குக் காவலாகப் போனது; பிறகு அதே அணியோடு 1942 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. அந்த அணியின் விமானங்கள்தாம் ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு வீசின. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பங்குனி வெயிலில் இலங்கைக் கடலில் நின்ற இதே கப்பல், இரண்டே மாதத்தில், ஜூன் 7ஆம் தேதி, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் ஒன்றான அட்டுவில் படையை இறக்கிக்கொண்டிருந்தது. வெயிலுக்குப் பழகிய உடம்போடு அந்தக் குளிருக்குள் போனவர்களின் கப்பல் என்பதாலேயே, வேறு எத்தனையோ பெரிய போர்க்கப்பல்கள் கிடைக்கும்போதும் நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

சேர்த்து முடித்தால் கப்பல் ஒரு சாண் நீளம் வரும். உண்மைக் கப்பல் 162 மீட்டர். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பகுதி இந்த கிட்டில் கிடையாது. அடி தட்டையாக இருப்பதால் மேசையில் வைத்தால் கடலில் மிதப்பதுபோலவே அமர்கிறது. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். 1930இல் பயிற்சியின்போது கிதகாமி என்ற இன்னொரு க்ரூஸருடன் மோதி அபுகுமாவின் முன்பக்கம் உடைந்துபோனது. அதன்பின் கட்டிய புதிய அணியத்தின் வளைவு, இதே வகுப்பைச் சேர்ந்த மற்ற கப்பல்களில் இல்லாதது. கிட்டில் அதைச் சரியாக வார்த்திருக்கிறார்கள். மேல்தளத்தில் லினோலியம் விரிப்பை இறுக்கிப் பிடித்த பித்தளைப் பட்டைகள்கூட மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன.

எல்லாவற்றிலும் நான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தவை 14 செ.மீ. பீரங்கிகளின் கவசங்கள். மிகச் சிறிய அத்துண்டுகளின் பின்புறம் திறந்தே இருக்கிறது. அதை அச்சுக் குறை என்று எண்ணி அடைத்துவிடக் கூடாது. கப்பலிலும் அப்படித்தான் இருந்தது. முன்னாலும் மேலேயும் இரும்புத் தகடு, முதுகுப் பக்கம் வெட்டவெளி. ஒவ்வொரு குண்டும் 38 கிலோ எடை. முன்பு புழக்கத்தில் இருந்த 15 செ.மீ. பீரங்கியின் 45 கிலோ குண்டைத் திரும்பத் திரும்பக் கையால் தூக்குவது ஜப்பானிய மாலுமிகளின் உடல்வாகுக்கு மிகையாக இருந்ததால், எடை குறைந்த இந்தப் பீரங்கியை உருவாக்கினார்கள். அந்த 38 கிலோவையும் மனிதர்களே தூக்கிக் கொடுக்க வேண்டும், மனிதர்களே உள்ளே தள்ள வேண்டும். 1943 மார்ச் இறுதியில் வடபசிபிக்கிலுள்ள கொமந்தோர்ஸ்கி தீவுகளின் அருகே அமெரிக்கக் கப்பல்களுடன் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நடந்த சண்டையில் அபுகுமாவும் இருந்தது. இரு தரப்பிலும் விமானங்கள் பங்கெடுக்காமல், கப்பலும் கப்பலும் மட்டும் எட்ட நின்று சுட்டுக்கொண்ட அரிய சண்டை அது. கப்பல் வேகமெடுத்து அலையைக் கிழித்துப் போகும்போது தெறித்த பனிநீர் அந்தத் திறந்த முதுகின் வழியாகத்தான் பீரங்கிக்காரர்கள் மேல் விழுந்திருக்கும். நனைந்த கையுறையோடு வழுக்கும் குண்டைத் தூக்கியவர்களை நினைத்த பிறகு, அத்துண்டை வெறும் பீரங்கி என்று என்னால் பார்க்க முடியவில்லை.

சரக்குக் கப்பல்களில் பல ஆண்டுகள் ஓடி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பாதி முடிந்த கப்பலைப் பார்த்தவர், “தம்பி, வேலை சுத்தமா இருக்கு. ஆனா இதுல குளிரைக் காணோமே” என்றார். ஐரோப்பாவின் வடக்குத் துறைமுகங்களுக்கு மார்கழியில் போனபோது வெறுங்கையால் இரும்புக் கம்பியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்றும், தளத்தில் உறைந்த பனியை மரச் சுத்தியலால் உடைத்துக் கடலில் தள்ளியதே தங்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது என்றும் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. உறைநிலைக்குக் கீழே காற்று வீசும்போது தெறிக்கும் கடல்நீர் கயிற்றிலும் கம்பத்திலும் பீரங்கியிலும் பட்ட இடத்திலேயே உறைந்து, அடுக்கடுக்காகத் தடித்துவிடும். அந்த எடை முழுவதும் கப்பலின் மேற்பகுதியில் ஏறுவதால் கப்பல் கவிழும் அபாயம் உண்டு. மேல்பாரம் கூடினால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியக் கடற்படை 1934இல் தொமொசுரு என்ற சிறு போர்க்கப்பல் கவிழ்ந்தபோதே கண்டிருந்தது. அதனால் மாலுமிகளுக்குக் காவல் முறையோடு பனி உடைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. பெரியவர் சொன்ன பிறகு, ஃபெவிகாலில் சிறிது சமையல் சோடாவைக் குழைத்து அணியத்தின் ஓரங்களிலும் நங்கூரச் சங்கிலியின் மேலும் மெல்லப் பூசினேன். அதற்கு மேல் பூசினால் செயற்கையாகத் தெரியும்.

கப்பலைச் செலுத்தும் மேடையான பாலத்தைச் சுற்றி நிற்க வேண்டிய காவலர்களை நாமேதான் உண்டாக்க வேண்டும். பெட்டியில் ஆட்கள் கிடையாது. இந்த அளவில் ஒரு மனிதன் கடுகளவுதான் இருப்பான். உருகிய பிளாஸ்டிக்கை இழையாக இழுத்து, துண்டுகளாக வெட்டிச் செய்துகொண்டேன். ஜப்பானியக் கப்பல்கள் ரேடாரைவிடக் கண்ணையே நெடுங்காலம் நம்பியிருந்தன. பெரிய இரட்டைத் தொலைநோக்கிகளின் பின்னால் ஆட்கள் முறை வைத்து இரவும் பகலும் நின்றார்கள். ஆகவே பாலத்தில் ஆள் இல்லாமல் இக்கப்பலை முடித்ததாகக் கொள்ள முடியாது.

உள்ளே நடந்த வாழ்க்கையை கிட்டில் பார்க்க வழியில்லை. பக்கவாட்டில் வரிசையாக உள்ள வட்டச் சன்னல்களின் குழிகளைக் கொண்டு ஊகிக்கலாம். மாலுமிகள் துணியாலான தொங்குபடுக்கைகளில் நெருக்கமாக உறங்கி, காலையில் அவற்றைச் சுருட்டிக் கட்டிவிட்டு, அதே இடத்தில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். சோற்றில் பார்லி கலந்திருந்தது. வெறும் வெள்ளரிசிச் சோற்றால் மாலுமிகளுக்கு வந்த பெரிபெரி நோயை, 1880களில் தகாகி கனேஹிரோ என்ற கடற்படை மருத்துவர் உணவை மாற்றித் தடுத்ததிலிருந்து வந்த வழக்கம் அது. நம்மவர்களுக்கு வியப்பளிப்பது குழம்புதான்: இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் வழியாகப் போன கறிக்குழம்பு, 1908ஆம் ஆண்டின் ஜப்பானியக் கடற்படைச் சமையல் கையேட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. மாவு சேர்த்துக் கெட்டியாக்கிச் சோற்றின் மேல் ஊற்றிய அந்தக் குழம்பு குளிரில் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதை, ஐப்பசி மழையில் நனைந்து கரை சேர்ந்து சூடான மீன்குழம்பைத் தொட்டவர்கள் அறிவார்கள்.

வண்ணம் பூசும்போது 1943 ஜூலை மாதத்துத் தோற்றத்தையே நான் பரிந்துரைப்பேன். அட்டுத் தீவின் காவற்படை மே மாத இறுதியில் ஏறத்தாழ முழுவதும் மடிந்துபோக, ஜப்பானியர் பிடித்திருந்த இன்னொரு தீவான கிஸ்காவில் அகப்பட்டிருந்தவர்களை மீட்கும் பொறுப்பு ரியர் அட்மிரல் கிமுரா மசதோமிக்கு வந்தது. அபுகுமா அவருடைய தலைமைக் கப்பல். கோடையில் ஈரக்காற்று குளிர்ந்த கடல்மேல் வந்து படியும்போது உண்டாகும் அடர்ந்த மூடுபனியே அவர் நம்பிய ஒரே மறைப்பு. முதல் முறை தீவை நெருங்கியபோது மூடுபனி விலகியதால், மேலிடம் கடிந்துகொள்ளும் என்று தெரிந்தும் திரும்பிவிட்டார். இரண்டாம் முறை, ஜூலை 26இல், முன்னால் போவது தெரியாமல் குனாஷிரி என்ற காவற்கப்பல் அபுகுமாவின்மேல் மோதியது. ஆனாலும் 29ஆம் தேதி துறைமுகத்துக்குள் நுழைந்து, 5,183 பேரை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று வீரர்கள் துப்பாக்கிகளைக் கடலில் போட்டுவிட்டு ஏறினார்கள். ஆயுதத்தைவிட ஆளை மேலாக எண்ணிய அந்த முடிவை, அந்தப் போரின் ஜப்பானியத் தரப்பில் நான் மிகவும் மதிக்கிறேன். ஆகஸ்ட் 15இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டு வீரர்கள் கரையிறங்கியபோது தீவில் ஜப்பானியர் ஒருவரும் இல்லை. இந்தப் பயணத்துக்காக, தொலைவிலிருந்து அமெரிக்கக் கப்பலாகத் தோன்றட்டும் என்று மூன்று புகைபோக்கிகளில் ஒன்றை வெள்ளையாகத் தீட்டி மறைத்திருந்தார்கள். அதை மறவாமல் தீட்டுங்கள்.

இனி, நம் கரையில் வைத்து ஒட்டுவது பற்றி. கொண்டல் காற்று வீசும் ஈர நாட்களில் தெளிப்பு வண்ணம் அடித்தால் வெளிறிப்போகும். வெயில் ஏறிய முற்பகலே ஏற்ற நேரம். தளத்தின் ஓரங்களுக்கென்று தனியாக விற்கும் பித்தளைக் கம்பிவேலியை வண்ணம் பூசாமல் விட்டால் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். கொடி போன்ற ஒட்டுப்படங்களைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைக்கவே வேண்டாம். காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படியும். குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள். எனக்குப் பெட்டியைக் கொண்டுவந்த கூரியர், அதன் மூலையை நசுக்கித்தான் கொடுத்தது, பின்கம்பம் உடைந்திருந்தது. துடைப்பக் குச்சியைச் சீவி மாற்று செய்துகொண்டேன். வாங்குபவர்கள் உள்ளே கூடுதல் அட்டை வைத்துக் கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கிட்டோடு வரும் விளக்கத்தாள் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பீரங்கி எத்தனை, வேகம் எவ்வளவு, 90,000 குதிரைத்திறன் என்று எல்லாம் இருக்கிறது. மாலுமிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1944 அக்டோபர் 26இல் பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவுக்கு அருகே இக்கப்பல் மூழ்கியபோது கூடவே பலர் மாண்டார்கள் என்பதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

முதன்முதலாக ஒட்டுபவர்களுக்கு இது கடினம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர்கள் தயங்க வேண்டியதில்லை. கிஸ்காவுக்கு உடன் சென்ற கிசோ க்ரூஸரும் இதே அளவில் கிடைக்கிறது. 1942இல் வடகடலுக்கென்று உருமறைப்புத் தீட்டிய கப்பல் அது. பித்தளை வேலிக்குச் செலவிடும் பணத்தை மிச்சம் பிடித்து, அடுத்ததாக அதை வாங்கலாம்.