இலண்டனில் ஈசொல் ஆங்கிலமும் கணிதமும்: சில ஆண்டுகள் படித்த அனுபவம்

வயது வந்தோருக்கான ஈசொல் (ESOL, பிறமொழி பேசுவோருக்கான ஆங்கிலம்) வகுப்பிலும், பிறகு அன்றாட வாழ்வுக்கான 'ஃபங்ஷனல் ஸ்கில்ஸ்' கணித வகுப்பிலும் இலண்டனில் சில ஆண்டுகள் படித்திருக்கிறேன். சேரலாமா என்று கேட்கும் நம்மவர்களுக்கு என் பதில்: கட்டாயம் சேருங்கள். ஆனால் எந்த மட்டத்தில் உட்காரவைக்கிறார்கள் என்பதில் விழிப்பாக இருங்கள்.

தொடக்க நிலையான என்ட்ரி 1, 2, 3, அதற்குமேல் லெவல் 1, 2 என்று மட்டங்கள் போகின்றன. சேரும்போது ஒரு சிறு மதிப்பீடு வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சாதாரணதரப் பொதுத்தேர்வு வரை படித்தவருக்கு இலக்கணம் எழுத்தில் வரும். பேசச் சொன்னால் நா எழாது. பல ஆண்டுகள் கடையில் நின்றவர் தடையின்றிப் பேசுவார். உள்ளூர் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால், வாசிக்கப் பிள்ளையைக் கூப்பிடுவார். இருவரும் ஒரே வகுப்பில் இருந்தால் இருவருக்கும் அரைகுறைப் பயன்தான். என் முதல் வகுப்பில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். தாய்மொழியிலேயே எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர். அவருக்கு முதலில் எழுத்தறிவு கற்பிக்கத் தனி நேரம் வேண்டியிருந்தது. அது கிடைக்கவில்லை. அடுத்த தவணையில் அவர் வரவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஈசொல்லில் பேச்சும் கேட்டலும், வாசிப்பு, எழுத்து ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. ஒன்றை என்ட்ரி 3-லும் மற்றொன்றை என்ட்ரி 2-லும் எழுதலாம். கேட்டுப் பெறுங்கள்.

இங்கிலாந்தில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவர் எழுத்தறிவில் பின்தங்கியவர் என்று 1999-இல் அரசுக்கான மோசர் அறிக்கை சொன்னபின், 2001-இல் வயது வந்தோரின் அடிப்படைக் கல்விக்காக 'ஸ்கில்ஸ் ஃபார் லைஃப்' என்ற அரசுத் திட்டம் வந்தது. அதில் மாணவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் இலக்குகளோடு தனிக் கற்றல் திட்டம் என்பது நல்ல ஏற்பாடு. நான் முதலில் படித்த இடத்திலோ இலக்குகளை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்துக் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். குடியுரிமைக்காக வந்தவர்களும் நிறைய இருந்ததால் பாடம் தேர்வுப் பயிற்சியாகவே சுருங்கியது. குடியுரிமை பெற, 2013 அக்டோபரிலிருந்து, பிரிட்டன் வாழ்க்கை பற்றிய 24 கேள்விகள் கொண்ட 'லைஃப் இன் தி யூகே' தேர்வோடு, பி1 எனப்படும் இடைநிலை மட்டத்தில் ஆங்கிலம் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரியும் என்பதற்குச் சான்றும் வேண்டும். அதனால் அப்படி வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

எனக்குத் தேவைப்பட்டது வேறு: மருத்துவரிடம் தொலைபேசியில் நோவைச் சொல்ல, சுவரில் பூஞ்சை பிடித்ததைப் பற்றி வீட்டு உரிமையாளருக்கு எழுத. பிறகு வந்த ஆசிரியை, வீட்டுக்கு வந்த கடிதம் ஒன்றை ஒவ்வொருவரையும் கொண்டுவரச் சொன்னார். அந்த ஒரு பாடத்தில் கற்றது பாடநூல் முழுவதிலும் கிடைக்கவில்லை.

கணித வகுப்பு இதைவிட நிறைவாக இருந்தது. வாய்ப்பாடு நமக்கு மனப்பாடம். தேர்வில் கால்பங்கு மதிப்பெண்களைக் கால்குலேட்டர் இல்லாமல் பெறவேண்டும் என்பது நமக்குச் சாதகமே. ஊரில் பழகிய வகுத்தல் முறையையே ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். செய்கைவழியைக் காட்டினால் போதும். சிக்கல் கேள்வியின் நீளத்தில் இருக்கிறது. கம்பள விலை, தள்ளுபடி, அறையின் பரப்பளவு எல்லாம் ஒரே பத்தியில் வரும். கணிதமும் ஆங்கிலமும் கற்பிப்பவர்கள் சேர்ந்து திட்டமிட்டால் எவ்வளவோ பேர் தேறுவார்கள்.

ஈசொல் 2007 வரை இருந்ததுபோல இப்போது எல்லோருக்கும் இலவசமில்லை; வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த ஊதியக்காரர்களுக்கும் சலுகை உண்டு. ஊதியச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். கூடவே, உங்களுக்குப் புரியாத கடிதம் ஒன்றையும் கொண்டுபோய், "இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே வந்திருக்கிறேன்" என்று மதிப்பீட்டு நாளிலேயே சொல்லிவிடுங்கள்.