எஃப்.டி.ஏ. சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால்

ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் சிறு யூனிட்காரர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

என் அக்கா பெரியகுளம் பக்கத்தில் சின்னதாக ஊறுகாய் யூனிட் நடத்துகிறார். வடுகபட்டியில் பூண்டு எடுத்து, செக்கு நல்லெண்ணெயில் போடும் பூண்டு ஊறுகாய்க்குத்தான் அங்கே பேர். நியூஜெர்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் ருசி பார்த்துவிட்டுச் சரக்கு கேட்டார். பேப்பர் வேலைக்காகச் சென்னையில் ஓர் ஏற்றுமதி ஆலோசனை நிறுவனத்தைப் பிடித்தோம். ஹோட்டல் ஹாலில் இலவசக் கருத்தரங்கு போட்டு ஆள் பிடிப்பவர்கள். பெயரைப் போடவில்லை, போலீஸில் புகார் இருக்கிறது.

கொட்டேஷன் 85,000 ரூபாய். ஐ.இ.சி. எடுக்க 12,000, அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் சான்றிதழுக்கு 38,000, நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் நம்பருக்கு 9,000, பையர் லிஸ்டுக்கு 26,000. "இந்த சர்டிபிகேட் ஒண்ணு கையில இருந்தா போதும் மேடம், அமெரிக்காவுல உங்க சரக்கை எவனும் தொட மாட்டான்" என்று அக்காவிடம் சொன்னார்கள்.

ஐ.இ.சி. என்பது ஏற்றுமதி இறக்குமதிக்கான எண். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று வைத்து நாமே எடுக்கலாம். அரசுக் கட்டணம் 500 ரூபாய். டன்ஸ் நம்பர் இலவசம். எஃப்.டி.ஏ.வில் உணவுக்கூடத்தைப் பதிவு செய்வதும் இலவசம். அமெரிக்காவில் இருக்கும் ஒரு ஏஜென்டைக் காட்ட வேண்டும், அவர் ஆண்டுக்கு இவ்வளவு என்று கேட்பார். அது நியாயமான செலவு. பையர் லிஸ்ட் என்று வந்த எக்செல் ஷீட்டில் பாதி மெயில் திரும்பி வந்தது. ஒருவர் மட்டும் பதில் போட்டார், தான் விற்பது டயர் என்று.

அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தடித்த தாள், தங்க நிற பார்டர், கழுகு முத்திரை, எஃப்.டி.ஏ. லோகோ, நடுவில் அக்காவின் யூனிட் பெயர். கண்ணாடிச் சட்டம் போட்டே கொடுத்தார்கள். எஃப்.டி.ஏ. உணவுக்கூடங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் என்று எதுவுமே கொடுப்பதில்லை. தருவது ஒரு பதிவு எண். அந்த எண் கிடைத்ததால் உங்கள் பொருளுக்கு அவர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டதாக அர்த்தமும் கிடையாது. லோகோவை வெளியார் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. ஆக, 38,000 ரூபாய்க்குப் பிரின்டர் வேலை.

அந்த எண்ணையாவது உயிரோடு வைத்திருந்தார்களா? 2024 ஜூனில் பதிவு செய்தார்கள். இரட்டைப்படை ஆண்டு ஒவ்வொன்றிலும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31க்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதே ஆண்டு ஜூனில் பதிந்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அவர்கள் புதுப்பிக்கவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை. 2025 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து சரக்கு போனது. அமெரிக்காவில் இறங்கியதும் பதிவு எண் செல்லாது என்று நிறுத்திவிட்டார்கள். கிடங்கு வாடகை ஓட ஆரம்பித்தது. போன் போட்டால், "சார் மீட்டிங்ல இருக்கார்".

அவசரமாக நாங்களே புதிதாகப் பதிந்தோம். அதற்குள் லேபிளைப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது. செக்கு நல்லெண்ணெயில் போட்ட ஊறுகாய் என்றால் எள் இருப்பதாக லேபிளில் தெளிவாகப் போட்டாக வேண்டும். அடுத்தது பெருங்காயம். நாம் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கோதுமையும் அதே பட்டியலில் இருக்கிறது. எங்கள் லேபிளில் வெறும் 'நல்லெண்ணெய், பெருங்காயம்' என்று இருந்தது. அந்த லேபிளைச் 'செக்' செய்து ஓகே சொன்னதும் இதே நிறுவனம்தான்.

லேபிளையாவது ஸ்டிக்கர் ஒட்டிச் சரி செய்திருக்கலாம். பூண்டு விஷயத்தில் வழியே இல்லாமல் போனது. மாங்காய், எலுமிச்சை தானே புளிப்பு. பூண்டு அப்படி இல்லை. புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துத்தான் புளிப்பேற்றுகிறோம். இப்படிப்பட்ட பொருளுக்கு பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்கு மேல் போகாது என்று தகுதியுள்ள ஒரு நிபுணர் தயாரிப்பு முறையை வகுத்துத் தர வேண்டும். அப்புறம் அதைப் பொருள்வாரியாக, பாட்டில் அளவுவாரியாக எஃப்.டி.ஏ.வில் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கலுக்குக் காசு கிடையாது, நிபுணருக்குத்தான் செலவு. கெடுபிடி என்று திட்டவும் மனம் வரவில்லை. 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டால் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு பாட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பு வந்தது. நாங்கள் அனுப்பியதில் முக்கால்வாசி பூண்டு ஊறுகாய். 85,000 வாங்கியவர்கள் இந்தத் தாக்கலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சரக்கை நிராகரித்துவிட்டார்கள். 90 நாளுக்குள் திருப்பி எடுக்க வேண்டும், இல்லை அழிக்க வேண்டும். திருப்பிக் கொண்டுவரும் கப்பல் கூலி ஊறுகாயின் விலையைத் தாண்டியது. அழிக்கச் சொன்னோம், அதற்கும் பில் வந்தது. ஆலோசனை நிறுவனத்தின் கடைசிப் பதில்: "அது உங்க புராடக்ட் பிரச்சினை சார், எங்க சர்வீஸ் முடிஞ்சது."

அக்கா இப்போது தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமில் பூண்டு ஊறுகாயைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். நியூஜெர்சிக்காரர் இன்னும் காத்திருக்கிறார், நல்ல மனுஷன்.

உங்களிடமும் யாராவது வந்தால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: என் பொருள் எந்த வகையில் வருகிறது, தயாரிப்பு முறையைத் தாக்கல் செய்ய வேண்டுமா, லேபிளில் எந்தெந்த ஒவ்வாமைப் பொருளைப் போட வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எஃப்.டி.ஏ. கணக்கின் பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்கட்டும். எங்களுடையது அவர்கள் மெயிலில் இருந்தது. அடுத்த புதுப்பிப்பு 2026 அக்டோபரில் ஆரம்பிக்கிறது. 'ரின்யூவல் பீஸ்' கேட்டு போன் வரும். அதுவும் இலவசம்தான்.