மார்பக இம்ப்ளான்ட் ‘பேக்கேஜ்’: 2,35,000 ரூபாய் போச்சு, உஷார்!

பாலக்காடு சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பெண்களே, வாளையார் தாண்டி கோவைக்கு அழகு ஆபரேஷனுக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் நாத்தனார் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மார்பகத்துக்குள் சிலிக்கான் பை (இம்ப்ளான்ட்) வைக்க அவள் கொடுத்தது 2,35,000 ரூபாய், அத்தனையும் நகையை அடகு வைத்த பணம்.

கிளினிக்கில் கவுன்சிலர் என்று ஒரு பெண். “அக்கா, நானும் உங்க பக்கம்தான்” என்று கையைப் பிடித்துப் பேசியதிலேயே இவள் விழுந்துவிட்டாள். சிலிக்கான் பையை மேஜையில் வைத்து அழுத்திக் காட்டி, “லைஃப் டைம்க்கா, மாத்தவே வேண்டாம்” என்றாளாம். பச்சைப் பொய். ஆயுளுக்கும் தாங்கும் சாமான் இல்லை என்று கம்பெனித் தாளிலேயே அச்சடித்திருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு இடது பக்கம் இறுகி மேலே ஏறிவிட்டது. எந்த இம்ப்ளான்டைச் சுற்றியும் உடம்பு ஒரு தழும்புச் சவ்வு கட்டும், அது இயல்பு. அது சுருங்கி நெருக்கினால்தான் வில்லங்கம்; கேப்சுலர் கான்ட்ராக்சர் என்பார்கள். இறுக்கத்தை அளக்கும் பேக்கர் கிரேடில் தொட்டால் மட்டும் இறுக்கம் தெரிந்தால் 2, பார்த்தாலே வடிவம் கெட்டிருந்தால் 3, வலியும் சேர்ந்தால் 4. இவளுக்கு 3. உள்ளே ரத்தம் கட்டினாலும் கிருமி ஒட்டினாலும் வாய்ப்பு கூடும். கைராசிக்கார டாக்டர் செய்தாலும் சிலருக்கு வரும்தான். வந்ததற்காக நான் திட்டவில்லை.

கிளினிக்கில் கேட்டால் முதலில் “செட் ஆகுதுக்கா”. அப்புறம் “மசாஜ் பண்ணுங்க”. கடைசியில் “உங்க உடம்பு வாகு அப்படி”. முதல் சில மாதம் வீக்கம் வடிந்து இறங்கும், சரி. நாளாக ஆக இறுகுவதற்குப் பெயர் செட் ஆவதா? கிரேடு 3-ஐத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. சவ்வை வெட்டி எடுத்து வேறு இம்ப்ளான்ட் வைக்க வேண்டும். அதற்கு இன்னொரு முழுத்தொகை கேட்கிறார்கள்!

வேறு ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் கேட்டது இம்ப்ளான்ட் கார்டை. பெட்டிக்குள் கம்பெனி, சைஸ், லாட் நம்பர், சீரியல் நம்பர் போட்ட ஸ்டிக்கர்கள் வரும்; ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று நம் கார்டுக்கு. இவள் டிஸ்சார்ஜ் தாளில் ‘சிலிக்கான் 300 சிசி’, அவ்வளவே. வைத்தது தசைக்கு மேலா கீழா, பையின் மேல்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, எதுவும் இல்லை. அபூர்வமான ஒரு லிம்போமா புற்றுநோயோடு தொடர்பு தெரிந்து, அலர்கன் கம்பெனி தன் பயோசெல் சொரசொரப்பு வகையை 2019-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அந்தப் பழைய சரக்கு உள்ளே இல்லை என்று எதை வைத்து நம்புவது? கிளினிக்கில் கேட்டால், “ஃபைல் ஸ்டோர்ல இருக்கு மேடம்”. “நீங்க கேரளா, இங்க கேஸ் போட முடியாது” என்று நக்கல் வேறு. 2019 நுகர்வோர் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பாலக்காட்டில் போடத்தான் போகிறோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விலாவாரியாக எழுத நினைத்தேன். 2,35,000 போன ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது: போர்டில் ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்றிருந்தால் போதாது, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச் அல்லது டி.என்.பி பட்டம் இருக்கிறதா பாருங்கள். பில்லில் இம்ப்ளான்ட் விலையும் சீரியல் நம்பரும் தனியாக வேண்டும். ரெக்கார்டை எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தரணும் என்பது விதி. வருஷங்கள் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் உடனே ஸ்கேன். கேஸ் போட 2 வருஷம்தான் கெடு. அவர்கள் பேச்சைக் கேட்டு அதையும் கடத்திவிடாதீர்கள்.