டக்ட்டா, தண்ணீர்க் குழாயா, காப்பர் பைப்பா? செக்‌ஷன் வரையும் முன்பே முடிவு செய்யுங்கள்

டிசைனை மதிப்பிடும் ஜூரியில் ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் பிளான் அழகாக இருக்கும், எலிவேஷன் (முகப்பு வரைபடம்) அதைவிட அழகாக இருக்கும், ஏ.சி. எங்கே என்று கேட்டால் மட்டும் "சென்ட்ரல் ஏ.சி. சார்" என்று முடித்துவிடுவார்கள். எந்த சென்ட்ரல்? குளிர்ச்சியை அறை வரைக்கும் சுமந்து வருவது காற்றா, தண்ணீரா, காப்பர் பைப்பில் ஓடும் குளிரூட்டி கேஸா? இது தெரியாமல் மாடிக்கு மாடி உயரத்தை 12 அடி என்று எப்படிப் போட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னை ஓ.எம்.ஆரில் ஐந்து மாடி அலுவலகம், மாடிக்கு 10,000 சதுர அடி. 200 சதுர அடிக்கு ஒரு டன் என்று தோராயமாக வைத்தால் மொத்தம் 250 டன். (ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம்தான் இந்த டன், கிட்டத்தட்ட 3.5 கிலோவாட்.) அதில் 10 டன்னை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் அனுப்புவதென்றால் டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி, ஆக 4,000 கன அடி. அது நிமிடத்துக்கு 1,000 அடி வேகத்தில் போக 2 அடிக்கு 2 அடி டக்ட் (காற்று போகும் தகட்டுக் குழாய்) வேண்டும். அதே 10 டன் 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்பும் தண்ணீரில் என்றால் இரண்டு அங்குலக் குழாய் இரண்டு போதும். கேஸ் என்றால் இன்னும் மெலிது, பெரிய காப்பர் பைப்பே ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டாது.

இப்போது செக்‌ஷனுக்கு வாருங்கள். கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் அந்தப் படத்தில், 12 அடியில் பீமுக்கு 2 அடி போனால் மீதி 10. பீமுக்குக் கீழே அந்த 2 அடி டக்ட், அதன் மேல் சுற்றும் இன்சுலேஷன், தொங்கவிடும் ராடு, விளக்கு எல்லாம் போக ஃபால்ஸ் சீலிங் ஏழரை அடியில் வந்து நிற்கும், கை தூக்கினால் தட்டும். டக்ட்டை ஒரு அடி உயரம், நாலு அடி அகலம் என்று தட்டையாக்கலாம்தான், ஆனால் தகடும் கூடும், உராய்வும் கூடும். காப்பர் பைப்பில் கேஸை அனுப்பும் வி.ஆர்.எஃப். முறையில், சீலிங்கில் பதியும் கேசட் யூனிட்டுக்கு ஒரு அடி விட்டால் போதும், சீலிங் ஒன்பதடிக்குப் பக்கத்தில் இருக்கும்.

வி.ஆர்.எஃப். என்பது மொட்டை மாடியில் ஒரு அவுட்டோர் யூனிட் கூட்டம், அதிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் காப்பர் பைப், ஒவ்வொரு அறையிலும் ஒரு இண்டோர் யூனிட். 1982இல் டைகின் இதை வி.ஆர்.வி. என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்தப் பெயர் அவர்களுடையது என்பதால் மற்றவர்கள் வி.ஆர்.எஃப். என்கிறார்கள். மாடிக்கு ஒரு வாடகைதாரர், ஒருவர் இரவு பத்து வரை, இன்னொருவர் ஆறு மணிக்கே கிளம்புகிறார் என்றால் இதுதான் சரி. ஆனால் இரண்டு வில்லங்கம் உண்டு. ஒன்று, இது அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். வெளிக்காற்றுக்குத் தனி யூனிட், தனி டக்ட், அது ஏறி இறங்க ஷாஃப்ட் எல்லாம் நீங்கள்தான் வரைய வேண்டும், பத்தில் ஒன்பது பேர் வரைவதில்லை. இன்னொன்று, சின்ன அறையில் பைப் கசிந்தால் அந்தக் கிளைக்கூட்டத்தில் ஓடும் கேஸ் பெரும்பாலும் அங்கேயே வந்து கொட்டலாம், அறையின் கன அளவுக்கு அது தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீரைக் குளிரவைத்துக் குழாயில் அனுப்பும் சில்லர் பிளான்ட் வேறு ரகம். தன் வெப்பத்தைத் தண்ணீரிடம் விட்டுக் குளிரும் பெரிய சில்லர் டன்னுக்கு 0.6 கிலோவாட் மின்சார அளவில் வேலையை முடிக்கும், காற்றால் குளிர்வது அதைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். பம்பும் கூலிங் டவர் ஃபேனும் சேர்த்தால் இடைவெளி கொஞ்சம் குறையும், அப்படியும் முன்னதற்குத்தான் லாபம். ஆனால் அந்தத் தண்ணீரின் வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவரில் டன்னுக்கு மணிக்கு ஆறரை லிட்டர் ஆவியாகும். நம் 250 டன் முழு வேகத்தில் பத்து மணி நேரம் ஓடினால் 16,000 லிட்டருக்கு மேல், உப்பு சேராமல் திறந்துவிடும் தண்ணீரையும் சேர்த்தால் 20,000 தொடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன ஊர் இது. கட்டடத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து டவருக்கு விடலாம், அதற்கு பேஸ்மென்டில் இடம் விட்டிருக்கிறீர்களா?

இதையெல்லாம் மீறி, ஆஸ்பத்திரி, மால், ஆடிட்டோரியம் என்றால் சில்லரும், அதன் தண்ணீரால் காற்றைக் குளிர்வித்து டக்ட்டில் தள்ளும் ஏ.எச்.யூ.வும்தான். ஆபரேஷன் தியேட்டருக்கு நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் வழியாகக் காற்றைத் தள்ள வேண்டும், கேசட் யூனிட்டின் ஃபேனுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஆடிட்டோரியத்தில் ஆயிரம் பேருக்கு எப்படியும் வெளிக்காற்று டக்ட் போயே ஆக வேண்டும், அப்புறம் டக்ட்டை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்.

ஸ்பிளிட் ஏ.சி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டல் அறை, டாக்டர் கிளினிக், சரி. நம் அலுவலகத்துக்கு 2 டன் வீதம் போட்டால் 125 அவுட்டோர் யூனிட், அத்தனையும் நீங்கள் பார்த்துப் பார்த்து வரைந்த எலிவேஷனில் தொங்கும்.

என் ஓட்டு இந்த ஓ.எம்.ஆர். கட்டடத்துக்கு வி.ஆர்.எஃப்., கூடவே மாடிக்கு ஒரு வெளிக்காற்று யூனிட். ஒரே கம்பெனி முழுக் கட்டடத்தையும் எடுத்து இரவு பகலாக ஓட்டினால் ஓட்டைச் சில்லருக்கு மாற்றிக்கொள்வேன். எதை எடுத்தாலும் இண்டோர் யூனிட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் வெளியே போக வேண்டும். அந்த டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும், 20 மீட்டர் ஓடினால் 20 சென்டிமீட்டர், அதுவும் சீலிங்குக்கு மேலே விட்ட அந்த ஒரு அடிக்குள்ளேதான்.