ஃபிரிட்ஜில் மிஞ்சியதை வைத்து என்ன சமைக்கலாம்? யாரிடம் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காய் வாங்கும் வீடுகளில் வியாழன், வெள்ளி வந்தால் ஃபிரிட்ஜின் நிலைமை கிட்டத்தட்ட ஒன்றுதான். அரை சௌசௌ, வாடத் தொடங்கிய இரண்டு கேரட், ஒரு பிடி மல்லித்தண்டு, அரை மூடி தேங்காய், புளித்துப்போன தோசைமாவு ஒரு கப், மதியம் வடித்த சோறு கொஞ்சம். எதுவும் தனியாக ஒரு வேளைக்குக் காணாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு வீணடிப்பு அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாக மதிப்பிடுகிறது. உலகச் சராசரி 79 கிலோ. பரவாயில்லையே என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கில் தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்தி. அதில் தோலின் ஒரு பங்கு குப்பைக்கே போயிருக்கத் தேவையில்லை, அம்மிக்குப் போயிருக்க வேண்டியது என்பது என் கட்சி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேலே சொன்ன அதே ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு, இன்று நாம் கேட்கக்கூடிய இடங்களை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

டிக் அடித்தால் குறிப்பு தரும் தளங்கள்

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது சூப்பர்குக். வீட்டில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். அவற்றை வைத்துச் செய்யக்கூடிய குறிப்புகளைப் பல சமையல் தளங்களிலிருந்து திரட்டிக் காட்டும். எல்லாப் பொருளும் கையில் இருக்கிறதா, ஒன்றிரண்டு குறைகிறதா என்பதையும் சொல்லிவிடும். அஞ்சறைப்பெட்டியை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும், அப்புறம் காய்களை மட்டும் மாற்றினால் சரி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாஸ்தா, சீஸ், காளான், பிரெட், முட்டை மிஞ்சும் வீடு என்றால் இதைவிட வேகமான வழி கிடையாது. நம் ஃபிரிட்ஜுக்கு வரும்போதுதான் சிக்கல். கேரட் இருக்கிறதா என்று கேட்கும், எத்தனை என்று கேட்காது. அரைக் கிலோ கேரட் வேண்டிய குறிப்பு ஒன்று வந்து நிற்கும், நம்மிடம் இருப்பதோ இரண்டு. அடுத்தது, அது காய்கறிக் கூடையைத் தெரிந்த அளவுக்கு எவர்சில்வர் டப்பாக்களைத் தெரிந்ததில்லை. மிஞ்சிய கூட்டையும் புளித்த மாவையும் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

சாம்சங் ஃபுட்டும் இதே ஓட்டத்தில் இருப்பதுதான். முன்பு விஸ்க் என்ற பெயரில் இருந்து 2023இல் பெயர் மாறியது. வாரத்துக்கான சமையல் திட்டம், கடைக்கான பட்டியல் எல்லாம் போட்டுத் தரும். இருப்பதைத் தீர்க்க வந்தவனுக்குக் கடைப் பட்டியல் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

யூடியூப்

யூடியூபில் பொருளைத் தேடுவதைவிட நிலைமையைத் தேடினால் பலன் அதிகம். "சௌசௌ கேரட்" என்று அடித்தால் வருவது ஏனோதானோ. "புளித்த மாவு", "மீந்த சாதம்", "மீந்துபோன இட்லி" என்று அடித்துப் பாருங்கள், கொட்டும். தமிழ்ச் சமையல் சேனல்களுக்கு இந்தத் தலைப்புகள் வற்றாத கிணறு. இட்லியை உதிர்த்து உப்புமா, சப்பாத்தியைக் கிழித்துக் கொத்து, சோற்றைப் பிசைந்து வடை என்று எதற்கும் ஒரு வீடியோ உண்டு.

எழுத்தில் வராத ஒன்று இங்கே கிடைக்கிறது, பதம். பணியாரத்துக்கு மாவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைக் கரண்டியிலிருந்து அது விழும் விதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எத்தனை பக்கம் எழுதினாலும் அது வராது.

ஆனால் இந்த மீந்த சாத வீடியோக்களில் பலவற்றின் கணக்கு எனக்கு உதைக்கிறது. ஒரு கப் சோற்றைக் காப்பாற்ற அரை கப் ரவை, கால் கப் கடலைமாவு, இரண்டு வெங்காயம், பொரிக்க ஒரு வாணலி எண்ணெய். சோறு தீர்ந்தது சரி, இப்போது பொரித்த எண்ணெய் மிஞ்சி நிற்கிறதே? அடுத்த வீடியோவில் அதற்கும் வழி சொல்வார்கள்போல. சோற்றின் விலையைவிட மூன்று மடங்கு சாமான் கேட்கும் குறிப்பை மீதியைத் தீர்க்கும் சமையல் என்று சொல்ல மாட்டேன். அது புதிய பலகாரம், சோறு அதில் ஒரு சாக்கு.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால்

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் தமிழிலேயே கேட்கலாம். இருப்பதை அப்படியே வரிசையாகச் சொன்னால் போதும், அளவையும் சொல்லலாம், புளித்துவிட்டது என்றும் சொல்லலாம். டிக் அடிக்கும் தளங்களால் முடியாத இரண்டையும் இது கேட்டுக்கொள்கிறது. ஃபிரிட்ஜைப் படம் எடுத்து அனுப்பினாலும் பார்த்துச் சொல்லும். நம் வீட்டு ஃபிரிட்ஜைப் படம் எடுத்தால் தெரிவது பெரும்பாலும் டப்பா மூடிகள்தான் என்பது வேறு விஷயம்.

இதன் பெரிய குணமும் பெரிய தோஷமும் ஒன்றே: எதைக் கொடுத்தாலும் முடியாது என்று சொல்ல மனசு வராது. ஆறு பொருளைச் சொன்னால் ஆறையும் ஒரே சட்டியில் போட்டு ஒரு பெயரும் வைத்துவிடும். 2023இல் நியூசிலாந்தில் நடந்தது இதன் உச்சம். அங்கே பாக்'என்சேவ் என்ற சூப்பர்மார்க்கெட், மிஞ்சிய பொருள்களை வைத்துச் சமையல் குறிப்பு சொல்லவே ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியை வெளியிட்டது. மக்கள் விளையாட்டாகச் சமையலுக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டுச் சாமான்களையும் உள்ளே போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர், பிளீச், அம்மோனியா மூன்றையும் கொடுத்ததற்கு, தாகம் தீர்க்கும் வாசனைப் பானம் என்று விஷவாயு உண்டாக்கும் கலவையைச் சொல்லியது. பிளீச்சைக் கொடுத்தது மனிதர்களின் குறும்புதான். ஆனாலும் "இது சாப்பிடும் பொருள் இல்லையே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்.

இன்றைய கருவிகள் அவ்வளவு அப்பாவி இல்லை. இருந்தாலும் சின்ன அளவில் அந்தக் குணம் தொடர்கிறது. சௌசௌ, கேரட், புளித்த மாவு மூன்றையும் சொன்னால், மூன்றையும் துருவிக் கலந்து ஒரு காய்கறி ஊத்தப்பம் வரக்கூடும். கடைசியில் "தேவையான அளவு உப்பு சேர்க்கவும்" என்றும் இருக்கும். மாவில் உப்பு போட்டுக் கரைத்துத்தானே புளிக்க வைத்தோம்? அதை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கேட்கும்போதே கடிவாளம் போட்டுவிடுவது நல்லது. இப்படி: "அரை சௌசௌ, இரண்டு கேரட், அரை மூடி தேங்காய், உப்பு போட்ட புளித்த தோசைமாவு ஒரு கப் இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்காதே. இரண்டு தனித்தனிப் பதார்த்தம் சொல்லு. கடைக்குப் போக முடியாது. முதல்ல எது கெட்டுப்போகும், எதைத் தீர்க்கணும்னு சொல்லிட்டு ஆரம்பி." கடைசி வாக்கியம்தான் முக்கியம். பதிலின் தரமே மாறிவிடும்.

புத்தகம், குக்பேட்

சமையல் புத்தகம் இந்த வேலைக்குச் சரிப்படாது. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது, இன்றும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுத் திறக்க வேண்டிய புத்தகம் அது. இன்றைக்கு என்ன செய்யலாம் என்று தெரியாமல் திறந்தால் பசிதான் கூடும்.

குக்பேட் ஜப்பானில் 1997இல் தொடங்கிய நிறுவனம். வீட்டில் சமைப்பவர்களே குறிப்பு எழுதும் இடம், தமிழில் எழுதுபவர்களும் உண்டு. இரண்டு பொருள்களின் பெயரைச் சேர்த்துத் தேடலாம். அளவுகள் வீட்டு அளவுகள் என்பதால் தலைசுற்றாது. தரம் ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஒரு போன்

எனக்கு இது பெரியம்மா. உங்களுக்கு அம்மாவாக, அத்தையாக, மாடி வீட்டு அக்காவாக இருக்கலாம். மாவு புளித்துவிட்டது என்று சொன்னதும் பதில் வராது, கேள்வி வரும்.

"அரைச்சு எத்தனை நாளாச்சு? மேல தண்ணி பிரிஞ்சு நிக்குதா?"

"லேசா நிக்குது பெரியம்மா."

"அந்தத் தண்ணிய மெதுவா சாய்ச்சு ஊத்திடு, பாதிப் புளிப்பு அதோட போயிடும். ரெண்டு கரண்டி அரிசிமாவு போட்டுக் கலக்கு. வெங்காயம் பச்சைமிளகா வதக்கிக் கொட்டிப் பணியாரமா ஊத்து. தோசைக்கு இனி ஆகாது. சௌசௌ தோல் எங்க? தூக்கிப் போட்டுட்டியா?"

தோல் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. வேறு எந்தத் தளமும் அதைத் தானாகக் கேட்டதில்லை. அந்தத் தோலில் துவையல் அரைக்கலாம். சௌசௌவைத் தோல் சீவும் முன்பே நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து, மூன்று நான்கு காய்ந்த மிளகாய், பெருங்காயம் போட்டு எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் தோலைப் பச்சை வாசனை போகும்வரை வதக்க வேண்டும். தோல் நிறம் மங்கிச் சுருண்டு வரும். அதோடு துளிப் புளி, அரை மூடியில் சுரண்டிய கொஞ்சம் தேங்காய், உப்பு. தண்ணீரைத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும், ஊற்றினால் சட்னியாகிவிடும். பருப்பை மட்டும் கடைசியில் போட்டு ஒரு சுற்று, கொரகொரப்பாக நிற்கட்டும். அதே முறையில் பீர்க்கங்காய்த் தோலும் அரையும், மல்லித்தண்டையும் கூடவே போட்டுவிடலாம்.

சௌசௌவும் கேரட்டும்? "பாசிப்பருப்பு வேகப்போட்டு கூட்டா வச்சிடு." அவ்வளவுதான் குறிப்பு. அளவு கிடையாது, தேவையும் இல்லை. கூட்டு என்றால் அரை சௌசௌவும் போகும், அதோடு ஒரு துண்டு பூசணியும் நாலு அவரைக்காயும் போகும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து விட்டால் முடிந்தது. துவையல், கூட்டு, அடை, கலந்த சாதம் இவற்றுக்கெல்லாம் நிலையான பொருள் பட்டியல் கிடையாது, செய்முறை மட்டும்தான் நிலையானது. கிடைத்ததை உள்ளே தள்ளிக்கொள்ளும். திருநெல்வேலிப் பக்கம் விருந்துக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஊற்றிச் சுண்டவைக்கும் சுண்டக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் பட்டியலே நேற்றைய சாப்பாடு. டிக் அடிக்கும் தளம் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பொருள்களை மட்டும் வைத்துத் தேடும் எந்தக் கருவியும் நம் வீட்டில் திணறுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். எனவே முதலில் கூட்டா, துவையலா, அடையா என்று வடிவத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் தேடினால், மேலே சொன்ன எல்லாமே இன்னும் நன்றாக வேலை செய்யும். "இருக்கிற காய்க்கு ஏற்ற கூட்டு" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஊத்தப்பம் வராது. யூடியூபில் "சௌசௌ கூட்டு" என்று தேடினால் பதம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியம்மாவிடமும் குறை இல்லாமல் இல்லை. ராத்திரி எட்டரைக்கு மேல் போனை எடுக்க மாட்டார். எடுத்தால் கூட்டு வெந்து இறங்கும்வரை ஊர்க்கதை ஓடும். பாதிப் பாக்கெட் காளான், சீஸ், ப்ராக்கோலி என்றால் "அதெல்லாம் எனக்கெதுக்கு" என்பதுதான் பதில். அதற்கு சூப்பர்குக்தான் கதி. தினசரி மீதிக்கு என் ஓட்டு பெரியம்மாவுக்கு, அவர் தூங்கிய பிறகு கடிவாளம் போட்ட செயற்கை நுண்ணறிவுக்கு, பதம் தெரியாதபோது மட்டும் யூடியூபுக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் பெரியம்மா பேச்சைக் கேட்பதில்லை. அது சோறு. "மோந்து பாரு, வாடை வரலன்னா ஒண்ணும் ஆகாது" என்பார். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மேடையில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும், வாந்தியை உண்டாக்கும் நஞ்சையும் உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, மோந்து பார்த்தும் தெரியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதைக் கேட்டால் தெளிவாகவே சொல்கின்றன. சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் தீர்த்துவிடச் சொல்கின்றன. தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோற்றின் கதை வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம். மதியம் வடித்து ராத்திரி ஒன்பதுவரை குக்கரிலேயே கிடந்த சோற்றில் எலுமிச்சை சாதம் கிளற யார் குறிப்பு தந்தாலும் நான் செய்வதில்லை.